பெயரில் சூரியன் இருந்தால் எடுத்து வை

"பேர்ல சூரியன் இருக்குதா? அப்போ எடு. எடு, எடு, சீக்கிரம்!"

பக்கத்துக் கடை அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, நான் ஜெராக்ஸ் கடை திறந்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. வாசலில் பூசணிக்காய் உடைத்த குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. முதல் வாடிக்கையாளரை வரவேற்கத் தலையை வழித்து வாரிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தேன். அவர் உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. நேராக மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டு, தரையோடு தரையாகத் தலையைச் சாய்த்தார். புது மெஷினைக் கும்பிடுகிறாராக்கும் என்று நினைத்து நானும் பயபக்தியோடு கைகூப்பினேன்.

அவர் கும்பிடவில்லை. மெஷின் ஆடாமல் இருக்க அதன் காலுக்கு அடியில் நான் சொருகியிருந்த பழைய புத்தகத்தின் முதுகைப் படித்துக்கொண்டிருந்தார். 'சூரிய அடுப்பில் சமைக்கலாம் வாங்க.'

"தூக்கு தம்பி, ஒரு பக்கமாத் தூக்கு!"

தூக்கினேன். புத்தகம் அவர் கைக்குப் போனது. மெஷின் என் கால் கட்டைவிரலுக்கு வந்தது. நான் ஒற்றைக்காலில் குதித்துக்கொண்டிருக்க, அவர் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"சரோஜா இல்ல. பரவால்ல, இருக்கட்டும்."

புத்தகத்தோடு போய்விட்டார். சரோஜா என்று யாரோ ஒரு பெண் வீட்டைவிட்டு ஓடிவிட்டாள், இந்த அம்மாள் அவளைச் சமையல் புத்தகத்தில் தேடும் அளவுக்கு மனசு உடைந்து போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். பாதி சரி.

இது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். அக்கா இப்போது இந்த ஊரில் இல்லை. மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். அன்றைக்கு அவருக்கு ஐம்பதுக்கு மேல். என் கடையை ஒட்டிய அறையில் லெண்டிங் லைப்ரரி நடத்தினார். எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவர் தாள் புரட்டுவது இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இந்தப் பக்கம் நான் குறட்டை விடுவது அந்தப் பக்கம் லைப்ரரிக்கு வந்தவர்களுக்குக் கேட்கும். நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்ததில் எனக்குக் கைவந்த ஒரே வித்தை பச்சை பட்டனை அழுத்துவது. அதையும் மெஷினை இறக்க வந்த ஆள்தான் சொல்லிக்கொடுத்தார். எனவே நிறைய நேரம் இருந்தது.

அக்காவால் எதையும் நிதானமாகச் சொல்ல முடியாது. விஷயம் சின்னதோ பெரியதோ, பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டை பட்டனைப் பிடித்துத் திருகுவார். விஷயம் சூடு பிடிக்கப் பிடிக்கத் திருகல் வேகமாகும். கதையின் முடிவில் பட்டன் அவர் கையில் இருக்கும். "இந்தா தம்பி, உன்னுது விழுந்துடுச்சி" என்று அவரே எடுத்துக்கொடுப்பார். அந்த வருஷங்களில் என் சட்டை எதிலும் மேலிருந்து இரண்டாவது பட்டன் கிடையாது. ஸ்டைலுக்காகத் திறந்துவிட்டிருக்கிறேன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

லைப்ரரியில் எல்லா வகைப் புத்தகமும் இருந்தது. ஆனால் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஓர் அலமாரி தனி. அதில் இடம்பிடிக்க ஒரே தகுதி, பெயரில் சூரியன் இருக்க வேண்டும். சூரியன், கதிரவன், பரிதி, ஆதித்தன், எதுவானாலும் சரி. 'சூரியனைத் தூக்கில் போடு' என்ற துப்பறியும் நாவலுக்குப் பக்கத்தில் 'மாமியாரும் மாலைச் சூரியனும்' இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் 'பரிதி பார்த்த பாவம்', 'கதிரவன் காபி கிளப்', 'சூரியகாந்தி சாகுபடியில் சந்தேகங்கள்'. நான் ஒருமுறை ஆர்வக்கோளாறில் சோலார் பம்ப்செட் மானிய விளக்கக் கையேட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் மறுக்காமல் முழுக்கப் படித்தார்.

"சரோஜா இல்ல. ஆனா பம்ப்செட்டு நல்லாருக்குது."

அந்தச் சரோஜா கதையை அவர் சொல்லி நான் கேட்ட முதல் நாள், ஆட்டோ ஓட்டும் குமரேசனும் ஜூஸ் கடை பாத்திமா அக்காவும் என்னோடு இருந்தார்கள். அவர்கள் ஏற்கெனவே பலமுறை கேட்டவர்கள். ஆனாலும் புதுப்படத்துக்கு வந்த மாதிரி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அக்காவுடையது சமணக் குடும்பம். நயினார் வீடு என்றால் இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பொழுது சாய்ந்த பிறகு சாப்பாட்டைத் தொடமாட்டார்கள். அக்காவுக்குக் கல்யாணம் ஆகாத காலத்தில் ஆரணியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஜன்னல் ஓரத்தில் ஒரு நாவல் கிடந்திருக்கிறது. மத்தியானம் கையில் எடுத்தவர் கீழே வைக்கவில்லை. சரியாகப் பாதியில், சரோஜா என்ற பெண் தகரப்பெட்டியோடு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து நிற்கிறாள். தூரத்தில் பஸ் வருகிறது. அந்த நேரம் பார்த்து வீட்டில் ஒரே சத்தம்.

"பொழுது எறங்குது, பந்திக்கு வாங்க, பந்திக்கு வாங்கனு கத்தறாங்க. எங்க வீட்டுக் கல்யாணத்துல அந்த நேரத்துல பாக்கணும் நீ. மாப்பிள்ளைகூட மாலையோட ஓடுவாரு. நானும் புக்கைக் கவுத்து ஜன்னல்ல வச்சிட்டு ஓடினேன். மோர் சோறு வரைக்கும் உக்காந்தேன் பாரு, அதான் தப்பு. ரசத்தோட எழுந்திருக்கணும். திரும்பி வந்தா புக்கு இல்ல. யாரோ ஊருக்குப் போறவங்க பஸ்ல படிக்க எடுத்துக்கினு போய்ட்டாங்க. ஒரு வாய் மோர் சோத்துக்காக ஒரு பொண்ணை நடுரோட்ல விட்டுட்டு வந்துட்டேன் தம்பி!"

"புக்கு பேரு என்னக்கா?"

"அதான் தெரியலியே. பேர்ல சூரியன் இருந்துச்சி. சூரியனா, கதிரவனா, இன்னா வார்த்தைனு ஞாபகம் இல்ல. சுடுற பேரு."

"பஸ்ஸு ஏறிட்டிருப்பாக்கா," என்றார் குமரேசன். "பெட்டி தூக்கிக்கினு அவ்ளோ தூரம் வந்தவ, ஏறாம இன்னா பண்ணுவா?"

"மாட்டா," என்றார் பாத்திமா அக்கா. "மொதல்ல அந்தப் பெட்டியில இன்னா இருக்குது? துணியா, நகையா? அது தெரியாம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"ஏய், நீ பெட்டியிலேயே இரு. அவ முகத்தைப் பாரு!" என்று அக்கா என் பட்டனைத் திருகினார். "ராத்திரி முழுக்கத் தூங்கல. அம்மா ஒரு வார்த்தை பேசல. வாசல்ல கோலம் போட்டுக்கினே இருக்காங்க, நிமிரவே இல்ல. இவ பெட்டியோட அந்தக் கோலத்தை மிதிக்காம தாண்டி வரா. தெருமுனை வரைக்கும் ஒரு கருப்பு நாய் கூடவே வருது. பஸ்ஸு வந்து நிக்குது. மீசைக்கார கண்டக்டர், 'ஏறும்மா, நேரமாவுது'ன்றான்..."

நிறுத்திவிடுவார். அதற்குமேல் தெரியாது.

இப்படித்தான் அந்தத் தெரு முழுக்கச் சூரியன் படிக்க ஆரம்பித்தது. கிடைக்கும் சூரியனையெல்லாம் அக்கா ஒருவரே படித்து முடிக்க முடியாது. எனவே ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டார். "சரோஜா வராளானு மட்டும் பாரு" என்பதுதான் உத்தரவு. குமரேசன் ஆட்டோவில் 'சூரியனைத் தூக்கில் போடு' படித்து, கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் அவசரத்தில் சவாரியை மறந்தார். வந்த வெள்ளைக்காரரும் பின்சீட்டில் உட்கார்ந்து தியானம் பண்ணியதால் சண்டை வரவில்லை. பாத்திமா அக்கா 'மாமியாரும் மாலைச் சூரியனும்' படித்துவிட்டுத் தன் மாமியாரோடு ஒரு வாரம் பேசவில்லை. எனக்கு மட்டும் எப்போதும் விவசாயத் துறை, மின்சாரத் துறை. "நீ இன்ஜினியராச்சே" என்பார். திட்டினாரா பாராட்டினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் படித்த புத்தகங்களை அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அதிலும் சூரியன் தேடுவார். அட்டையில் சூரியன் படம் போட்ட ஒரு ஜெர்மன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, ருத்ராட்சம் போட்ட ஒரு ஜெர்மன்காரரின் குர்தா பட்டனைத் திருகிக் கதை கேட்டார்.

"எதுக்குக்கா ஜெர்மன்? உங்க புக்கு தமிழாச்சே?"

"யாராவது மாத்தி எழுதியிருந்தா? சரோஜா அங்க வேற பேர்ல இருப்பா. பெட்டியும் பஸ்ஸும் இருக்குதானு கேளு."

அந்தக் கதையில் பெட்டி இல்லை, பஸ் இல்லை, கடைசியில் ஒரு ஆடு இருந்தது. ஜெர்மன்காரர் பட்டனைக் கையில் வாங்கிக்கொண்டு "ஓம் நமசிவாய" என்றார்.

சூரியன் மேல் அக்காவுக்கு இன்னொரு வழக்கும் இருந்தது. சித்திரை, வைகாசியில் எங்கள் தெருவில் நின்று பார்த்தால் பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும். அதாவது நிஜமாக அஸ்தமிப்பதற்கு வெகு முன்னாலேயே மலை அதை மறைத்துவிடும். பஞ்சாங்கத்தில் இன்னும் நேரம் இருக்கிறது என்று அவர் வீட்டுக்காரர் சொல்லுவார். அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத சூரியனை நம்பி நான் சாப்பிட மாட்டேன்."

ஒரு சாயங்காலம் 'கதிரவன் காபி கிளப்'பில் ஒரு சரோஜா தட்டுப்பட்டுவிட்டாள். அது வேறு சரோஜா, தவில் வித்வானின் மகள், என்பது தெரிவதற்குள் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. சோறு டிபன் கேரியரில் அப்படியே இருக்கிறது.

"வண்டியை எடு தம்பி!"

என் ஸ்கூட்டியில் அவர் பின்னால் உட்கார, செங்கம் ரோட்டில் மேற்கே விரட்டினேன். மலை நிழலைத் தாண்டினால் சூரியனைப் பிடித்துவிடலாம் என்பது திட்டம். "தெரியுது, தெரியுது! இல்ல, அது டீக்கடை லைட்டு. போ, போ!" எதிரே கிரிவலம் போகிறவர்கள் வேண்டுதல் வண்டி என்று வழிவிட்டார்கள். கடைசியில் ஒரு கரும்புத் தோட்டத்துக்கு முன்னால் நிழல் அறுந்து, செக்கச்செவேல் என்று சூரியன் முழுசாக நின்றது. அக்கா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே புளிசாதம் சாப்பிட்டார். நானும் சாப்பிட்டேன். எனக்கு எந்த விரதமும் கிடையாது. புளிசாதம் நன்றாக இருந்தது. திரும்பும்போது பெட்ரோல் தீர்ந்து, இன்ஜினியர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

அந்தப் புளிசாதத்தைச் செய்தவர் அவர் வீட்டுக்காரர். அக்கா என்று கூப்பிட்டதால் அவர் எனக்கு மாமா ஆனார். வேங்கிக்காலில் உரக்கடை வைத்திருந்தார். தினமும் பொழுது இறங்குவதற்கு முன் டிபன் கேரியரோடு லைப்ரரிக்கு வந்துவிடுவார். பேச்சு கம்மி. அக்கா எல்லாருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் வீட்டில் தட்டுப்பாடு வந்ததில்லை.

ஒருநாள் உரக்கடை லைசென்ஸைக் காப்பி எடுக்க வந்தவர், எடுத்து முடித்தும் போகாமல் நின்றார்.

"தம்பி, அந்த புக்கு கெடைக்குமா?"

"கண்டிப்பாக் கெடைக்கும் மாமா! ஊரே தேடுது. நீங்க கவலைப்படாதீங்க!"

மனுஷர் முகம் தொங்கிவிட்டது. ஆறுதல் சொல்வதில் எனக்கு இருக்கும் திறமை அப்படி.

"கெடைச்சி, அதுல அந்தப் பொண்ணு பஸ் ஏறிட்டிருந்தா?"

"நல்லதுதான மாமா?"

அவர் லைசென்ஸை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். "இவளுக்கு அப்போ பாண்டிச்சேரில ஒரு காலேஜு லைப்ரரில வேலைக்குக் கூப்ட்டிருந்தாங்க. ஆரணி கல்யாணத்துக்கு மறுநாள் நாங்க பொண்ணு பாக்கப் போனோம். பெரியவங்க பேசினாங்க, அங்கியே முடிவாயிடுச்சி. வேலைக்குப் போறியா, கட்டிக்கிறியானு அவகிட்ட யாரும் கேக்கல." மடித்த லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்தார். "நானும் கேக்கல தம்பி."

"அக்கா எதுனா சொன்னாங்களா?"

"அவ எல்லாத்தையும் சொல்லுவா. இதை மட்டும் சொன்னதில்ல. சரோஜா ஏறினாளா ஏறினாளானு கேட்டுக்கினே இருக்கா. ஏறிட்டானு புக்குல இருந்துச்சின்னா, அப்புறம் அவ என்னை எப்படிப் பாப்பாளோனு இருக்குது."

அன்றைக்குப் பிறகு 'பேர்ல சூரியன் இருக்குதா?' என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்கும்போதெல்லாம் எனக்கு மாமா முகம் ஞாபகம் வரும். தேடாமல் இருக்கவும் முடியவில்லை. எனக்கும் தெரிந்தாக வேண்டும். அவள் ஏறினாளா?

கடைசியில் சூரியன் என் மெஷினுக்கே வந்தது.

ஒரு மத்தியானம் ஆரணிப் பக்கத்து அம்மாள் ஒருவர் மஞ்சள் பையோடு வந்தார். வேங்கிக்காலில் மகள் வீட்டுக்கு வந்தவராம். "எங்க அம்மாவோட புக்குங்க. தொட்டா உதிருது. காப்பி எடுத்து ஸ்பைரல் போட்டுக் குடுங்க." அட்டை போய், முதுகு போய், அப்பளம் மாதிரி இருந்தது. முதல் தாளில் பெயர் இருந்தது: 'கரைமேல் நின்ற சூரியன்.'

இதற்கு முன்னால் ஏகப்பட்ட சூரியன்களிடம் ஏமாந்தவன் நான். அலட்டிக்கொள்ளாமல் பச்சை பட்டனை அழுத்த ஆரம்பித்தேன். பாதிப் புத்தகம் போனபின் தட்டில் வந்து விழுந்த தாளை, பழக்கதோஷத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன். 'சரோஜா தகரப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.'

"ஏம்மா! இது எங்க வாங்கினது?"

நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "வாங்கலீங்க. அம்மா ஏதோ கல்யாணத்துல ஜன்னல்ல கெடந்துச்சினு எடுத்துக்கினு வந்துட்டாங்களாம். திருப்பிக் குடுக்கலாம்னா யாருதுனு தெரியல..."

இரண்டு கையாலும் சுவரைக் குத்தினேன். அந்தப் பக்கம் பத்துப் புத்தகம் சரிந்து விழுந்த சத்தம் கேட்டது. "அக்கா! சரோஜா வந்துட்டா!"

அக்கா எப்படி வந்தார் என்று பார்க்கவில்லை. வந்துவிட்டார், அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மாளின் மஞ்சள் பைக் காதைப் பிடித்துத் திருக ஆரம்பித்தார். "உங்க அம்மாவா எடுத்தாங்க? ஆரணில? நல்லா இருக்கணும் மகராசி! பத்திரமா வச்சிருந்தாங்க பாருங்க!" திருடி என்று திட்டு வாங்கத் தயாராக நின்றவர் ஒன்றும் புரியாமல் ஸ்டூலில் உட்கார்ந்தார். குமரேசன் ஆட்டோவை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடி வந்தார். பாத்திமா அக்கா ஒரு கையில் சாத்துக்குடியோடு வந்தார்.

"ஒரிஜினலைப் பாருங்கக்கா."

"தொடாத, உதுந்துடும்! நீ எடு, எடு, நான் காப்பியில படிச்சிக்கறேன்."

நான் எடுக்க எடுக்க, மெஷினிலிருந்து சுடச்சுடத் தாள் வந்து விழ, அக்கா உருவி உருவிச் சத்தமாகப் படித்தார். 'தூரத்தில் புழுதி தெரிந்தது. பஸ் வந்து நின்றது. சரோஜா பெட்டியைத்...'

பேப்பர் சிக்கிக்கொண்டது.

அந்தச் சில நிமிஷங்களில் நான் வாங்கிய வசவை மெஷின் கம்பெனிக்காரர்கள் கேட்டிருந்தால் தொழிலை விட்டிருப்பார்கள். "இன்ஜினியராம், இன்ஜினியரு!" என்றார் பாத்திமா அக்கா. கதவைத் திறந்து, உருளையைத் திருகி, கையெல்லாம் கரியாக, கசங்கிய தாளை உருவிக் கொடுத்தேன். நிமிர்ந்தால் வாசலில் மாமா. டிபன் கேரியரோடு வந்து நிற்கிறார். ஸ்டூலில் ஆரணி அம்மாள், மெஷின் மேல் உதிர்ந்த புத்தகம், அக்கா கையில் தாள். அவருக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அக்கா தாளை நீவிப் படித்தார். 'சரோஜா பெட்டியைத் திறந்து பார்த்தாள். அண்ணன் எழுதியபடியே ஏரிக்கரை வழக்குக் காகிதம் எல்லாம் பத்திரமாக இருந்தது. காலையில் பட்டணத்து வண்டியில் வந்து இறங்கிய பெட்டி அது. பஸ்ஸிலிருந்து வக்கீல் குமாஸ்தா இறங்கினார். அவரையும் பெட்டியையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குத் திரும்பினாள்.'

"வழக்குக் காகிதமா?" என்றார் பாத்திமா அக்கா, ஏதோ தன் வீட்டில் திருட்டுப் போன மாதிரி. "அவ்ளோதானா பெட்டியில?"

அக்கா அடுத்த தாள், அதற்கடுத்த தாள் என்று தள்ளினார். சரோஜா வீட்டுக்குப் போய்க் காபி போடுகிறாள். அதற்குப் பிறகு அவளைக் காணோம். ஏரிக்கரைக்காக இரண்டு பங்காளிகள் கோர்ட்டுக்குப் போகும் கதை அது. அக்கா முன்பக்கத்துத் தாள்களை எடுத்துத் தேடினார்.

"அம்மா கோலம் போடற எடம் எங்க? ராத்திரி தூங்காத எடம்? காணோமே. கண்டக்டரைக் காணோம். நாயைக் காணோம்."

"நாய் இல்லியா?" குமரேசனுக்குத் தாங்கவில்லை. "கருப்பு நாய்க்கா! நல்லாப் பாருக்கா!"

எதுவும் இல்லை. இத்தனை வருஷமாக எங்களைத் தூங்கவிடாமல் பண்ணிய எதுவும் அந்தப் புத்தகத்தில் இல்லை. வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரம்.

மாமா டிபன் கேரியரை மெஷின் மேல் வைத்தார். என் கடையில் அவர் தானாக வாயைத் திறந்தது அதுதான் இரண்டாம் முறை.

"அப்போ பெட்டியோட நின்னது யாரும்மா?"

அக்கா மாமாவின் சட்டை பட்டனைப் பிடித்தார். திருகவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றார்.

"நான்தாங்க."

சொன்னவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். கண்ணும் வாயும் ஒன்றாக விரிந்தன. "ஐயோ, நான்தாங்க அது! நாயி எங்க தெரு நாயி! கோலம் எங்கம்மா போட்ட கோலம்! தம்பி, இவ்ளோ நாளா நான் புக்குக் கதைனு சொன்னேன் பாரு, அத்தனையும் இவரு பொண்ணு பாத்துட்டுப் போன அன்னிக்கு ராத்திரி நான் படுத்துக்கினு யோசிச்சதுடா!" சிரித்தார். திருகல் ஆரம்பித்துவிட்டது.

"அன்னிக்கே கேட்டிருக்கணும்," என்றார் மாமா. "இப்போ கேக்கறேன். போகணுமா?"

"போகணும்."

கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்கலாம். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம்.

"பாண்டிச்சேரியா?"

"பாண்டிச்சேரிதான். நாளைக்கே. அந்தக் காலேஜு எப்படி இருக்குதுனு பாக்கணும். நாலு நாளு இருந்துட்டு வரேன்."

"நானும்..."

"நீங்க வேணாங்க. தனியாத்தான் நின்னேன், தனியாத்தான் போவேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்துடுவேங்க! உர மூட்டை நனைஞ்ச மாதிரி மூஞ்சியை வச்சிக்காதீங்க!" என்றார்.

பட்டன் கையோடு வந்துவிட்டது.

சொன்னபடியே நான்காம் நாள் வந்தார். வரும்போது ஒரு மூட்டை சூரியன் வாங்கிக்கொண்டு வந்தார், எனக்கு அதிலும் ஒரு சோலார் ஹீட்டர் கையேடு. அதெல்லாம் கிடக்கட்டும். எனக்கு மறக்காதது அவர் கிளம்பிய காலை.

பஸ் ஸ்டாண்டுக்கு நாங்கள் எல்லாருமே போயிருந்தோம். கடையைச் சாத்தியிருந்தேன், மெஷினுக்கு ஜுரம் என்று போர்டு மாட்டியிருந்தேன். பாண்டிச்சேரி பஸ் வந்து நின்றது. அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "செஞ்சி, திண்டிவனம், பாண்டி! ஏறும்மா!" என்று கண்டக்டர் கத்தினார். அக்கா நகரவில்லை. பஸ் போய்விட்டது.

"கூட்டம்," என்றார்.

உள்ளே பாதி சீட்டு காலி.

அடுத்த பஸ் வந்தது. அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். குமரேசன் ஆட்டோ சாவியைக் கடித்துக்கொண்டு நின்றார். ஏற மாட்டாள் என்று வருஷக்கணக்காகச் சாதித்த பாத்திமா அக்கா, "ஏறேன்டி, ஏறேன்டி" என்று பல்லுக்குள் முனகிக்கொண்டிருந்தார். மலையைப் பார்த்தார் அக்கா, எங்களைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

மாமா குனிந்து பெட்டியைத் தூக்கினார். படியில் ஏறி, ஜன்னலோரச் சீட்டில் வைத்தார். இறங்கி வந்து டிபன் கேரியரை அக்கா கையில் கொடுத்தார்.

"பொழுதோட சாப்ட்ரு. ஏறும்மா."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் குலுங்கிக் கிளம்பியது. நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, ஜன்னலிலிருந்து பாதி உடம்பு வெளியே வந்தது. தலைமுடி பறக்க, டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி ஒரு கத்தல்.

"தம்பி! பாத்திமா! ஏய் குமரேசா! ஏறிட்டா! அவ ஏறிட்டாடா!"